வறுத்த கொண்டைக்கடலை இரவுக்குள் நமுத்துப்போவது ஏன்?

வாசகர் கேள்வி, 25 அக்டோபர் 2023

நவராத்திரிச் சுண்டலுக்கு வாங்கிய வெள்ளைக் கொண்டைக்கடலை மீந்துவிட்டது. ஊறவைத்து, குக்கரில் வேகவைத்து, எண்ணெய், மிளகாய்த்தூள், உப்பு எல்லாவற்றையும் பிசறி, ஓவனில் 200 டிகிரியில் 25 நிமிடம் வைத்தேன். எடுத்தவுடன் மொறுமொறுவென்றுதான் இருந்தது. ஆறவிட்டு டப்பாவில் போட்டு மூடினேன். இரவு திறந்து பார்த்தால் மெல்லவே முடியவில்லை, ரப்பராக இழுக்கிறது. மிளகாய்த்தூள் வேறு காந்தி, கசப்புத் தட்டுகிறது. கடையில் விற்கும் வறுகடலை மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறதே! மணலில் வறுத்தால்தான் நிற்கும், ஓவனில் ஒருநாளும் வராது என்று என் மாமியார் அடித்துச் சொல்கிறார். அவர் சொல்வது சரிதானா?

26 அக்டோபர் 2023

உங்கள் மாமியார் சொல்வதில் மணலைப் பற்றிய பகுதி சரி. ஓவனில் ஒருநாளும் வராது என்ற பகுதியைத்தான் நான் ஏற்கவில்லை. நீங்கள் எடுத்த கடலை நமுத்துப்போனதற்குக் காரணம் டப்பாவும் அன்று, ஓவனும் அன்று. கடலையின் உள்ளே மிச்சமிருந்த தண்ணீர்தான் காரணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடையில் வாங்கும் உலர்ந்த கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 10 சதவீதம் ஈரம் இருக்கும். 200 கிராம் எடுத்தால் அதில் 180 கிராம் கடலை, 20 கிராம் தண்ணீர். அதே கடலை ஊறி வெந்தபின் அதன் எடையில் 60 சதவீதம் தண்ணீராகிவிடுகிறது. அதாவது 200 கிராம் உலர்கடலை வெந்து 450 கிராம் ஆகிறது. அதில் 270 கிராம் தண்ணீர். ஒரு பெரிய டம்ளர் நிறைய வரும் அந்தத் தண்ணீர் முழுவதையும், வெறும் வெப்பத்தால், ஒவ்வொரு கடலையின் நடுப்பகுதியிலிருந்தும் வெளியேற்ற வேண்டும். 25 நிமிடத்தில் மேல்தோலும் அதன் அடியில் ஒரு மெல்லிய அடுக்கும் மட்டுமே உலர்கின்றன. நடுவில் ஈரம் அப்படியே இருக்கிறது. சூடாக இருக்கும்போது கடிக்கிற பல்லுக்கு மேலோடு மட்டும் தெரிவதால் நமக்குப் பதம் வந்துவிட்டதாகத் தோன்றுகிறது. ஆறஆற, நடுவில் இருக்கும் ஈரம் வெளியே பரவி, மேலோட்டையும் நனைத்துவிடுகிறது. காற்றிலிருந்து ஈரம் வராவிட்டாலும் இது நடக்கும். மூடிய டப்பாவுக்குள் இன்னும் நிச்சயமாக நடக்கும்.

26 அக்டோபர் 2023, இரவு

மேலே சொன்னதிலிருந்து கிடைக்கிற ஒரு சோதனை: நேரத்தைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். சமையலறைத் தராசு இருந்தால் வெறும் தட்டின் எடையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 200 கிராம் உலர்கடலையில் தொடங்கியவர்களுக்கு, எண்ணெய் சேர்க்காத நிலையில் 185 முதல் 190 கிராமுக்கு வந்தால் பதம். வேகவைத்த தண்ணீரில் கொஞ்சம் கரைந்துபோயிருக்கும், சில தோல்கள் கழன்றிருக்கும். அவற்றையும் சேர்த்தே இந்தக் கணக்கு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 14 கிராம் அளவுக்கு எடை கூட்டும். ஆகவே எண்ணெயோடு சேர்த்து நிறுத்தால், கடையில் நிறுத்து வாங்கிய 200 கிராமுக்கே திரும்பி வந்திருக்க வேண்டும். 260 கிராம் காட்டினால், எவ்வளவு மொறுமொறுப்பாகத் தோன்றினாலும் அது இரவுக்குள் நமுத்துவிடும்.

தராசு இல்லாதவர்கள் ஒரு கடலையை எடுத்து முழுதாக ஆறவிட்டு, இரண்டாகப் பிளந்து பார்க்கலாம். நடுவில் மாவு போல வெளிறி, உலர்ந்து, விரலால் தேய்த்தால் தூளாகும் நிலையில் இருந்தால் சரி. நடுவில் நிறம் சற்று அடர்ந்து, நகம் பட்டால் பதிந்தால் இன்னும் நேரம் வேண்டும். சூட்டோடு பிளந்து பார்ப்பதில் பயனில்லை.

28 அக்டோபர் 2023

ஓவனுக்குள் போவதற்கு முன்பே வெளியேற்றக்கூடிய தண்ணீரை ஏன் ஓவனுக்குள் கொண்டுபோக வேண்டும்? வடிகட்டியதும் கடலையை ஒரு பருத்தித் துண்டில் கொட்டி, இன்னொரு துண்டால் மூடி, உள்ளங்கையால் லேசாக உருட்டுங்கள். கழன்று வரும் தோல்களை எடுத்துவிடலாம். ஒட்டியிருப்பவற்றை உரித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. பிறகு அகலமான தாம்பாளத்தில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் விடுங்கள். தோல் மீதிருந்த பளபளப்பு போய், மங்கித் தெரியும்போது மேல் ஈரம் போய்விட்டதென்று பொருள்.

இதைவிட நல்ல வழி, அதே தாம்பாளத்தை மூடாமல் ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பது. குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே சுழலும் காற்று, அதிலும் பனிக்கட்டி படியாத வகைப் பெட்டிகளில், மிகவும் வறண்டது. சப்பாத்தியை மூடாமல் வைத்தால் ஓரம் காய்ந்துபோகிறதே, அதே வேலையைக் கடலைக்கும் செய்கிறது. வெந்த கடலையை இரவு முழுவதும் வெளியில் விட்டால் நம் ஊர்ச் சூட்டுக்குப் புளித்துப்போய்விடும் என்பதால், நீண்ட நேரம் உலரவிட நினைப்பவர்களுக்குக் குளிர்சாதனப் பெட்டி ஒன்றே வழி.

31 அக்டோபர் 2023

வேக்காட்டைப் பற்றி இங்கே இரண்டு பேர் நேரெதிராகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் முக்கால் வேக்காடு போதும் என்கிறார்; குழைய வேகவேண்டும் என்கிறார் மற்றவர். இருவருமே தங்கள் அடுப்பில் கண்டதைத்தான் சொல்கிறார்கள்.

முக்கால் வேக்காட்டில் எடுத்த கடலை வடிவம் குலையாமல் அழகாக வறுபடும். ஆனால் ஈரம் முழுவதும் போனபின் அது கடினமாகிவிடுகிறது. மொறுமொறுப்பு வேறு, கடினம் வேறு. மாவுச்சத்து முழுவதும் வெந்து இளகி, பின்பு உலரும்போதுதான் கடித்ததும் நொறுங்கும் தன்மை வரும். அரைகுறையாக வெந்த கடலை உலர்ந்தால், பருப்பு தன் பழைய கல்தன்மைக்கே திரும்பிவிடும். குழைய வெந்த கடலையிலோ தோல் தனியாகவும் மாவு தனியாகவும் பிரிந்து, தட்டில் பாதி தூளாகிவிடும். நான் தேடும் பதம் இதுதான்: கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் தயக்கமில்லாமல் நசுங்க வேண்டும், அழுத்தாதவரை முழுதாக இருக்க வேண்டும். சுண்டலுக்கு எடுக்கும் பதத்தைவிட ஒரு பிடி கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை விசில் என்று கேட்டவருக்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாததற்குக் காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, கடலையின் வயது. வட மாநிலங்களில் குளிர்காலப் பயிராக விளைகிற கொண்டைக்கடலை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அறுவடையாகிறது. அக்டோபரில் நாம் வாங்கும் கடலை, ஒரு கோடையையும் ஒரு மழையையும் கிடங்கில் கழித்துவிட்டு வருகிறது. சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் நெடுநாள் கிடந்த பருப்பு எவ்வளவு ஊறினாலும் எளிதில் வேகாது. புதுக்கடலைக்கு நான்கு விசில் போதுமென்றால் பழங்கடலைக்கு எட்டு விசில் விட்டாலும் நடுவில் ஒரு விறைப்பு இருக்கும்.

இரண்டாவது, தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரில் உள்ள சுண்ணாம்புச்சத்து கடலைத்தோலில் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளோடு பிணைந்து அதை இறுக்கிவிடுகிறது. சென்னையில் பல வீடுகளில் பருப்பு வேகவில்லை என்ற புகாருக்கு மூலகாரணம் பருப்பில் இல்லை, குழாயில் இருக்கிறது. ஊறவைப்பதற்கும் வேகவைப்பதற்கும் குடிநீரையே பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, உப்பு. வேகும்போது உப்புப் போட்டால் கடலை வேகாது என்று நம்மில் பலர் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஊறவைக்கும் தண்ணீரிலேயே ஒரு லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி உப்புச் சேர்த்துப் பாருங்கள். உப்பில் உள்ள சோடியம், தோலில் இருக்கும் சுண்ணாம்புச்சத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் தோல் இளகிக்கொடுக்கிறது. வெடித்துப் பிளப்பதும் குறைகிறது. சுவையும் உள்வரை இறங்குகிறது. சமையல் சோடாவும் வேக்காட்டைத் துரிதப்படுத்தும். ஆனால் ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் தோல் சவுக்காரம் போல வழுக்கும், வறுத்தபின்னும் அந்த வாடை போகாது. பழங்கடலையாக இருந்தால் மட்டும் சோடாவை நாடி, பிறகு இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிடுங்கள்.

3 நவம்பர் 2023

ஊறவைத்த கடலையை வேகவைக்காமலே ஓவனில் வைக்கலாமே என்று கேட்டவருக்கு: வைக்கலாம், உலரவும் உலரும், ஆனால் அதைத் தின்னக் கொடுக்காதீர்கள். ஊறிய கடலையின் மாவுச்சத்து வேகுமுன்னே தண்ணீர் ஓடிவிடுவதால் கிடைப்பது சரளைக்கல். பல் அடைத்தவர்களுக்கும் பல்லுக்கு மேலுறை போட்டவர்களுக்கும் அது செலவில் முடியும்.

5 நவம்பர் 2023

சூட்டைப் பற்றி. கேள்வி கேட்டவர் வைத்த 200 டிகிரி தொடக்கத்துக்குச் சரி, முடிவுக்குச் சரியில்லை. முதல் 20 நிமிடம் அந்தச் சூட்டில் வைத்தால் மேல்தோல் இறுகி, கடலை ஒன்றோடொன்று ஒட்டாமல் உருளத் தொடங்கும். அதன்பின் 150 டிகிரிக்கு இறக்கிவிட வேண்டும். அங்கிருந்து 35 முதல் 50 நிமிடம் வரை பிடிக்கும். ஓவனுக்கு ஓவன் மாறும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டைக் குலுக்குங்கள். ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்தவுடன் முகத்தில் அடிக்கிற ஆவியைக் கவனியுங்கள்: தொடக்கத்தில் கண்ணாடி போட்டவர்களுக்குக் கண்ணே தெரியாத அளவுக்கு அடிக்கும், நடுவில் தணியும், முடிவில் வெறும் உலர்ந்த சூடு மட்டுமே வரும். வறுபடும் மணமும் அப்போதுதான் சுண்டல் மணத்திலிருந்து விலகி, பொட்டுக்கடலை மணத்துக்கு மாறும்.

கடைசியில் ஓவனை அணைத்துவிட்டு, கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி, ஒரு விரற்கடை திறந்தபடி உள்ளேயே ஆறவிடுங்கள். ஆவி போக வழி இருக்கும், சூடும் மெல்லத் தணியும். மேசை மீது வைக்கும் சிறிய ஓவன் என்றால் 200 கிராம் கடலையையே இரண்டு தவணையாக வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்த கடலை வறுபடாது. ஒன்றின் ஆவியில் மற்றொன்று வெந்துகொண்டிருக்கும்.

9 நவம்பர் 2023

தீபாவளிக்கு மூன்று நாளே இருப்பதால் மசாலாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு விரிவாகவே எழுதுகிறேன்.

மிளகாய்த்தூளை முதலிலேயே பிசறி 200 டிகிரியில் வைத்தால் காந்தாமல் என்ன செய்யும்? மிளகாய்த்தூள், பூண்டுத்தூள், சீரகத்தூள் எல்லாம் மிக நுண்ணியவை. கடலை சூடேறுமுன் அவை கருகிவிடுகின்றன. ஆகவே கடலை வெறுமனே வறுபடட்டும். மசாலா கடைசியில் வரட்டும். ஆனால் சூடு காட்டாத மிளகாய்த்தூளை அப்படியே தூவினால் தொண்டையில் கமறும். இதற்கு நான் செய்வது, தாளிப்பில் நாம் அன்றாடம் செய்வதுதான். 200 கிராம் உலர்கடலைக்கு ஒரு மேசைக்கரண்டி கடலை எண்ணெயைச் சின்னக் கரண்டியில் காய்ச்சி, அடுப்பை அணைத்து, எண்ணெய் சற்றுத் தணிந்தபின் ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், கால் தேக்கரண்டி பெருங்காயத்தூள், அரைத் தேக்கரண்டி சீரகத்தூள் ஆகியவற்றை அதில் கலக்குகிறேன். எண்ணெய் சிவந்து, பச்சை வாடை போய், மணம் எழும்பும். ஓவனிலிருந்து எடுத்த கடலையை அகலமான பாத்திரத்தில் கொட்டி, சூடாக இருக்கும்போதே இந்த எண்ணெயை ஊற்றிக் குலுக்க வேண்டும். பிறகு மீண்டும் தட்டில் பரப்பி, அணைத்த ஓவனின் மிச்சச் சூட்டில் வைத்துவிட்டால் மசாலா ஒட்டிக்கொள்ளும்; காந்தாது.

புளிப்புக்கு எலுமிச்சை பிழியாதீர்கள். அவ்வளவு பாடுபட்டுத் தண்ணீரை வெளியேற்றியபின் மேலேயிருந்து தண்ணீர் ஊற்றுவதற்கு ஒப்பானது அது. மாங்காய்த்தூள் அரைத் தேக்கரண்டி போதும். தட்டில் வைத்து உடனே சாப்பிடுவதற்கு என்றால் எலுமிச்சை, வெங்காயம், மல்லித்தழை எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள். அது வேறு பலகாரம்.

கறிவேப்பிலையைக் கழுவியபின் துணியில் ஒற்றி, நன்றாக உலர்த்தி, கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தட்டில் போட்டால் கையில் நொறுங்கும் பதத்துக்கு வரும். பூண்டு வேண்டுமென்போர் தோலோடு தட்டிய பல்லைக் கடைசிப் பத்து நிமிடத்துக்குச் சேர்க்கலாம். ஆனால் பூண்டின் நடுவில் ஈரம் தங்கும் என்பதால், டப்பாவில் போடுமுன் அதைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். உப்பு பொடியுப்பாக இருக்கட்டும், கல்லுப்பு ஒட்டாமல் அடியில் தங்கிவிடும்.

சர்க்கரையோ வெல்லமோ சேர்த்து இனிப்புக் காரமாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. சர்க்கரை ஈரத்தை இழுக்கும், கருகவும் கருகும், கடலையின் சொந்த மணத்தையும் மூடிவிடும்.

11 நவம்பர் 2023

முறுக்கு சுட்ட எண்ணெய் காய்ந்தபடியே இருக்கிறது, வெந்த கொண்டைக்கடலையை அதில் போட்டுப் பொரித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். வெந்த கடலைக்குள் பாதிக்கு மேல் தண்ணீர். அதைச் சுற்றி முழுதான தோல். காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் உள்ளே ஆவி திரண்டு, வெளியேற வழியில்லாமல் தோலைக் கிழித்துக்கொண்டு வெடிக்கும். கூடவே கொதிக்கும் எண்ணெயும் தெறிக்கும். முகமும் கையும் சுட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்திலேயே ஒருவருக்குக் கண்ணிமைக்கு மேல் தழும்பு இருக்கிறது.

பொரித்துத்தான் ஆகவேண்டும் என்றால் ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் உலர்ந்த கடலையை, தோலில் கீறல் விழும்படி லேசாக நசுக்கி, அரிசி மாவும் கடலை மாவும் மெல்லியதாகப் பிசறி, மிதமான சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தெறிப்பைத் தடுக்கும் வலைமூடியால் மூடிப் பொரியுங்கள். குழந்தைகள் அடுப்பருகே நிற்கக் கூடாது.

18 நவம்பர் 2023

டொராண்டோவிலிருந்து எழுதியவர் டின்னில் அடைத்த கடலை பற்றிக் கேட்டிருந்தார். 400 கிராம் டின்னை வடித்தால் ஏறத்தாழ 240 கிராம் கடலை கிடைக்கும். அது ஏற்கெனவே நன்கு வெந்தது என்பதால் வேக்காட்டுக் கவலை இல்லை. நன்றாக அலசி உலர்த்துவதுதான் முக்கியம். அதே 60 சதவீதக் கணக்குப்படி 240 கிராமில் கடலை 96 கிராம்தான். ஆகவே வறுத்தபின் 100 கிராம் வந்தால் பதம். ஒரு டின் முழுவதும் ஒரு கைப்பிடியாகச் சுருங்கிவிட்டதே என்று வருந்த வேண்டாம். சுருங்கியது தண்ணீர் மட்டுமே. அங்கே ஓவன்கள் ஃபாரன்ஹீட்டில் இருக்கும் என்பதால்: தொடக்கத்துக்கு 400, பிறகு 300.

ஏர் ஃப்ரையர் வைத்திருப்பவர்களுக்கு: காற்று வேகமாகச் சுழல்வதால் ஈரம் விரைவாகப் போகும், அதே வேகத்தில் மேல்தோலும் கருகும். 190 டிகிரியில் 10 நிமிடம், பிறகு 150 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். கூடை நிரம்பக் கொட்டாதீர்கள். கழன்ற தோல்கள் காற்றில் பறந்து மேலே இருக்கும் சூடேற்றும் கம்பியில் ஒட்டிப் புகையும். அதனால் ஏர் ஃப்ரையருக்கு மட்டும் தளர்ந்த தோல்களை முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது. 31 அக்டோபர் குறிப்பில் சொன்ன நசுங்கும் பதத்துக்கும் இங்கே கொஞ்சம் முன்பாகவே நிறுத்திக்கொள்ளுங்கள். கூடையைக் குலுக்கும்போது மென்மையான கடலை உடைந்துவிடுகிறது.

24 நவம்பர் 2023

இப்போது மாமியாரின் மணலுக்கு வருகிறேன். இதை முதலிலேயே எழுதியிருக்கலாம், ஆனால் ஓவன் கணக்கு புரிந்தபின்தான் மணலின் அருமை தெரியும்.

மணலில் வறுபடும் கடலை வெந்த கடலை அன்று. உலர்ந்த கடலையில் மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரைத் தெளித்து, சற்று நேரம் குவித்து மூடிவைப்பார்கள். ஈரம் தோலுக்குள் இறங்கும், அவ்வளவுதான். பிறகு கொதிக்கக் காய்ந்த மணலில் கொட்டிக் கிளறினால், நாலாபுறமும் மணல் தழுவி ஒரே நேரத்தில் சூடு பாய்கிறது. உள்ளே இருக்கும் அந்தக் கொஞ்ச ஈரம் சட்டென்று ஆவியாகி, பருப்பை உப்பவைத்து, தோலை வெடிக்கச் செய்கிறது. ஓரிரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். நாம் ஓவனில் 270 கிராம் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறோம். அவர்கள் அந்தத் தண்ணீரை உள்ளே விடுவதே இல்லை. கடை வறுகடலை மாதக்கணக்கில் நிற்பதன் விளக்கம் இதுதான். அப்படி வறுத்த கடலையைச் சொரசொரப்பான உருளைக்கு அடியில் தேய்த்துத் தோல் நீக்கி உடைத்தால் பொட்டுக்கடலை.

தள்ளுவண்டிக்காரர் வறுப்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். இருப்புச்சட்டியில் இருக்கும் மணல் நாள்பட்டுக் கன்னங்கரேலென்று ஆகியிருக்கும். கையளவு கடலையை விட்டதும் ஒரு கணம் எதுவும் நடக்காது. பிறகு படபடவென்று வெடிக்கத் தொடங்கி, அந்தச் சத்தம் உச்சத்துக்குப் போய்த் தணியத் தொடங்கும்போது, முழுதும் நிற்பதற்கு முன்பே, சல்லடைக் கரண்டியால் வாரி இரண்டு தட்டுத் தட்டுவார். மணல் முழுவதும் சட்டிக்கே திரும்பிவிடும். அந்த நேரக்கணக்கு அவர் காதில் இருக்கிறது.

வீட்டில் மணலுக்குப் பதிலாக உப்பு போதும். கனமான இருப்புச்சட்டியில் பொடியுப்பை இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கொட்டி, மிதமான தீயில் பத்துப் பதினைந்து நிமிடம் காயவிடுங்கள். கல்லுப்பு வேண்டாம், அதன் உள்ளே சிக்கியிருக்கும் ஈரத்தால் படீரென்று வெடித்துத் தெறிக்கும். ஒட்டாத பூச்சுள்ள வாணலியும் வேண்டாம். இதற்குக் கருப்புக் கொண்டைக்கடலைதான் பொருத்தம்: அதன் எடையில் ஏழில் ஒரு பங்குக்கு அருகில் தோல்தான், வெள்ளைக் கடலையில் அது இருபதில் ஒரு பங்கு. தடித்த தோல் ஆவியைப் பிடித்துவைத்துத்தான் உப்பவைக்கிறது. அதே காரணத்தால், வேகவைத்து ஓவனில் வறுப்பதற்குக் கருப்புக் கடலை ஏற்றதன்று. தோல் சக்கையாக வாயில் தங்கும். ஆகவே வெந்ததற்கு வெள்ளை, வேகாததற்குக் கருப்பு.

கடலையில் மஞ்சள் உப்புத் தண்ணீர் தெளித்து அரை மணி நேரம் மூடிவைத்து, பிறகு மேல் ஈரம் போகத் துணியில் பரப்பி, காய்ந்த உப்பில் ஒவ்வொரு பிடியாகப் போட்டுக் கைவிடாமல் கிளறி, வெடிப்பு தணியும்போது சல்லடையில் வாருங்கள். அந்த உப்பை ஆறவைத்து டப்பாவில் போட்டுவைத்தால் அடுத்த முறைக்கும் வறுக்க உதவும். சமையலுக்கு எடுக்காதீர்கள்.

துருக்கியில் லெப்லெபி என்றொரு வறுகடலை உண்டு; சோரும் நகரம் அதற்குப் பேர்போனது. அங்கே கடலையைச் சூடேற்றுவார்கள், மூட்டையில் கட்டி நாள்கணக்கில் ஆறப்போடுவார்கள், மறுபடியும் சூடேற்றுவார்கள், மறுபடியும் ஆறப்போடுவார்கள், கடைசியில்தான் ஈரம் தெளித்து வறுத்துத் தோல் நீக்குவார்கள். இடையில் விடும் ஓய்வில் நடுவிலுள்ள ஈரமும் ஓரத்திலுள்ள ஈரமும் சமமாகிக்கொள்கின்றன. இதைப் படித்தபின் நான் ஓவனிலும் இடையே ஓய்வு கொடுக்கத் தொடங்கினேன்: 200 டிகிரிக் கட்டம் முடிந்ததும் தட்டை வெளியே எடுத்து அரை மணி நேரம் ஆறவிட்டு, பிறகு 150 டிகிரியில் வைக்கிறேன். நடுவின் ஈரம் ஓரத்துக்கு வந்து நிற்பதால் இரண்டாம் கட்டம் சீராக முடிகிறது, மேல்தோலும் கருகுவதில்லை. 5 நவம்பர் குறிப்பைப் பின்பற்றுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

8 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயல் மழையில் சென்னையில் பல தெருக்களில் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த மாவும் பாலும் போயின. வறுத்துவைத்திருந்த கடலை இருந்தது. அதில் ஒரு டப்பா மொறுமொறுப்பாகவும் இன்னொரு டப்பா நமுத்தும் போயிருந்ததால் அதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே நாளில், ஒரே எடைக்கு வறுத்தவை. நமுத்தது, மேலே உப்பும் கருப்பு உப்பும் தாராளமாகத் தூவியது. மொறுமொறுப்பாக இருந்தது, ஊறவைத்த தண்ணீரிலேயே உப்புச் சேர்த்தது.

காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சி இளகத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக் காற்று பெரும்பாலும் அந்த அளவுக்கு மேல்தான் இருக்கிறது. கடலையின் மேல் தூவிய உப்பு, டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் ஈரத்தை வரவேற்று உட்காரவைக்கிறது. ஆகவே 9 நவம்பர் குறிப்பில் உப்பைப் பற்றிச் சொன்னதை மழை மாதங்களில் இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: ஊறவைக்கும் தண்ணீரிலும் வேகும் தண்ணீரிலும் உப்பு, மேலே கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

டப்பாவில் போடுமுன் கையால் தொட்டால் சிறிதும் வெதுவெதுப்பு இருக்கக் கூடாது. பெரிய டப்பா ஒன்றைவிடச் சின்னக் கண்ணாடிப் புட்டிகள் நான்கு மேல். திறக்கும் புட்டி மட்டுமே காற்றுப்படும். லேசாக நமுத்திருந்தால் 150 டிகிரியில் எட்டுப் பத்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மீண்டுவிடும். நாள்பட்டு எண்ணெய் சிக்குவாடை அடித்தால் அதைச் சூடேற்றிப் பயனில்லை, கொட்டிவிடுங்கள்.

20 டிசம்பர் 2023

வயதான தந்தைக்குக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு: பல்செட் அணிபவருக்கு முழு வறுகடலை வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கும் வேண்டாம். உருண்டையான, கடினமான எதுவும் தொண்டையில் சிக்கும். அப்பாவுக்கு மிக்ஸியில் கொரகொரப்பாகப் பொடித்து, நெய் ஒரு துளி விட்டு, சூடான சாதத்தில் பிசைந்து கொடுங்கள். கொண்டைக்கடலையில் எடைக்கு ஐந்தில் ஒரு பங்கு புரதம். வயிற்று உப்புசம் உள்ளவருக்கு, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் கொஞ்சம் தணியும்.

3 ஜனவரி 2024

தட்டின் அடியில் தங்கும் தோலும் உடைசலும் வீண் என்று எழுதியிருந்தீர்கள். அவற்றைத் தனியே சலித்து, வறுத்த மிளகாய் இரண்டு, சீரகம், ஒரு பல் பூண்டு சேர்த்துப் பொடித்தால் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளலாம். பொரியல் இறக்கும்போது ஒரு கரண்டி தூவினால் கத்தரிக்காய்க்கும் வாழைக்காய்க்கும் நன்றாகச் சேரும். பூண்டு சேர்த்த பொடியை ஒரு வாரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள்.